இருபத்தோரு நாள் கெடு

"சார், ஒரு அப்பா டிமிக்கி கொடுத்துக்கிட்டே இருக்கார்" என்றாள் நர்ஸ். பிறந்த குழந்தைகளுக்குக் காதுப் பரிசோதனை செய்கிறவள் அவள்.

குழந்தைகள் டாக்டர் நிமிர்ந்தார். "எத்தனை நாள் குழந்தை?"

"இன்னிக்கோட இருபது. காது டெஸ்ட்ல ரெண்டு தடவையும் தேறல. எச்சில்ல வைரஸ் இருக்கான்னு டெஸ்ட் எடுக்கலாம்னா, 'காதுல தண்ணி நிக்குது, தானா சரியாயிடும்'ங்கிறார்."

"அவன் கண்டானா? வயித்துல இருக்கும்போதே வைரஸ் தொத்தியிருந்தா, இருபத்தோரு நாளுக்குள்ள கண்டுபிடிக்கணும். அப்புறம் எப்ப வந்ததுன்னே சொல்ல முடியாது. மருந்தும் தள்ளிப்போகும், மிச்சம் கேக்கிறதும் போயிடலாம். விவரம் தெரியாத ஆளா?"

"ரொம்பப் படிச்சவர் சார்."

"அதான் திமிர்! குழந்தையோட அம்மா என்ன பண்றாங்க?"

"தினமும் அழறாங்க. 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு வாயை அடைச்சிடறாராம்."

"போடு ஃபோனை! அந்த மடையனை நான் கிழிக்கிற கிழியில குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடி வரணும்."

நர்ஸ் மேஜை ஃபோனில் எண்களை அழுத்தி, ரிசீவரை நீட்டினாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் செல்ஃபோன் அலறியது.

"எவன்டா அது, கழுத்தறுப்பு!" என்று எடுத்துப் பார்த்தார். திரையில் அதே மேஜை ஃபோன் நம்பர்.

ஒரு கையில் ரிசீவர், மறு கையில் செல்ஃபோன். டாக்டர் திருதிருவென விழித்தார்.

"திட்டுங்க சார்" என்றாள் நர்ஸ். "மேடமும் குழந்தையும் வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க. பால் கொடுத்து ஒன்றரை மணி நேரமாச்சு, எச்சில்ல பால் கலந்திருக்காது. நீங்க திட்டி முடிச்சதும் எச்சில் எடுத்துடறேன்."