நிலை அறிக்கை

துணியை விலக்கியதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடது மேல் மூலையிலிருந்து தொடங்கினாள்.

இருபத்தாறு வருடப் பழக்கம். அருங்காட்சியகத்துக்குள் ஓர் ஓவியம் வந்தாலும், வேறு ஊர்க் கண்காட்சிக்கு இரவலாகப் போனாலும் அப்படித்தான் பார்ப்பாள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். மயிரிழைக் கீறல்கூடத் தப்பாது. எல்லாம் நிலை அறிக்கையில் ஏறிவிடும்.

அந்தத் தாளில் ஐந்து கட்டங்கள். தேதி, இடம், சேதம், பழையதா புதியதா, செய்ய வேண்டியது.

விளக்கச் சீட்டு ஒட்டும் வேலையில் சேர்ந்தவளை இயக்குநர் நாற்காலி வரை கொண்டுபோனது அந்தக் கண்தான். கண்ணை நம்பிய அளவுக்குக் கையை அவள் நம்பியதில்லை. பழுதால் கெட்ட படங்களைவிட, பழுது பார்க்கப் போய்க் கெட்ட படங்கள்தான் அதிகம் என்பாள்.

கல்யாணமாகி வண்டி ஏறும்போது மகள் அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்தாள்.

"என்னையும் இரவல்தானே குடுத்து அனுப்புற? மாப்பிள்ளைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வச்சுக்கம்மா."

அழுதுகொண்டிருந்த இரண்டு வீட்டாரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த மகள்தான் இப்போது மருத்துவமனைப் பிணவறையில், இரும்பு மேஜையின் மேல் கிடந்தாள்.

இன்ஸ்பெக்டர் வயதில் சிறியவர். தயங்கித் தயங்கித்தான் பேசினார். மாடிப்படியில் கால் தவறி விழுந்ததாக மாப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறார். சந்தேகம் எதுவும் இல்லை என்று அம்மாவும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

வெளியே நடைபாதை பெஞ்சில் மாப்பிள்ளை குலுங்கி அழுவது கேட்டது. அத்தை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். அவர் அம்மா தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள்.

"நெத்தியில இருக்கறது மட்டும்தான் நேத்தையது. தோள்ல மஞ்சளா இருக்கே, அது பத்து நாள் ஆச்சு. இந்தச் சுண்டு விரல் ஒடிஞ்சு கோணலா கூடியிருக்கு பாருங்க, அது போன வருஷம்."

குரல் பிசிறவே இல்லை. கதவோரம் நின்ற பிணவறை ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். குரலைத் தாழ்த்தினார். தனக்கும் மனதுக்குள் உறுத்தல்தான், ஆனால் அவர்கள் பெரிய இடம், பெற்றவள் வாய் வார்த்தை மட்டும் கோர்ட்டில் நிற்காது என்றார்.

அவள் கைப்பையைத் திறந்து மெல்லிய கோப்பு ஒன்றை எடுத்து நீட்டினாள். போன் வந்ததும் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டது.

மொத்தம் பதினான்கு தாள்கள். இரண்டு வருடத்தில் மகள் பிறந்த வீட்டுக்கு வந்துபோன ஒவ்வொரு முறைக்கும் ஒரு தாள்.

ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் கோட்டுருவம். முன்பக்கம், பின்பக்கம். சிவப்புப் பென்சிலில் புள்ளிகள். பக்கத்தில் பொடி எழுத்தில் அளவு, நிறம். தலை வாரிவிடும்போது பார்த்தது. மத்தியானம் அசந்து தூங்கும்போது ரவிக்கைக் கையை ஒதுக்கிப் பார்த்தது. இடித்துக்கொண்டேன் என்று மகள் சொன்ன இடங்களில் மேற்கோள் குறி போட்டு அதையும் எழுதியிருந்தாள்.

தாள்களைப் புரட்டப் புரட்ட இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். இது ஒன்று போதும், எந்த வக்கீல் வந்தாலும் அவனைக் காப்பாற்ற முடியாது என்றார். ஏட்டைக் கூப்பிடக் கதவுப் பக்கம் திரும்பியவர், அப்படியே நின்றார்.

கடைசித் தாளை மறுபடி பார்த்தார். அதிலிருந்து முதல் தாளுக்குப் போனார். பிறகு நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.

கோப்பை மூடினார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அவள் இப்போதுதான் மகளின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

பதினான்கு தாள்களிலும் செய்ய வேண்டியது என்ற ஐந்தாவது கட்டத்தில், அதே திருத்தமான கையெழுத்தில், ஒரே வரி.

'தொட வேண்டாம். கவனித்து வரவும்.'