சிவப்புக் காரின் பிடிவாதம்

“போனா என் காருலதான் போவேன். அடுத்தவன் ஜீப்புல ஏறிப் போய் இறங்குறதுக்கு வேற ஆளைப் பாரு!”

தியாகராசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மிராசுதார்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

அவருடைய கார் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் அப்பா வாங்கியது. அன்று காலையிலிருந்து அது உறுமுவதும் அணைவதுமாக இருந்தது.

மைத்துனர் அமிர்தலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது.

“அத்தான், குறுவை நெல்லு பழுத்து நிக்குது. கூலி கூடக் கொடுத்தாத்தான் அறுப்போம்னு வைரக்கண்ணு ஆளுங்க வரப்புல உக்காந்துட்டாங்க. வெளியூர் ஆளுங்களை லாரில கொண்டாந்து இறக்கணும். தலைவர் முன்னால நின்னாத்தானே மத்த மிராசுதாரெல்லாம் வருவாங்க? நீங்க கௌரவம் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!”

“கௌரவம்தான் மாப்ளே எனக்கு எல்லாம்.”

அமிர்தலிங்கம் விறுவிறுவென்று போய் பானெட்டைத் தூக்கினார்.

உள்ளே ஒயர்கள் இடியாப்பம் பிழிந்த மாதிரி கிடந்தன. அறுந்ததைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. ஒரு குழாயைத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டியிருந்தது. மூலையில் அணில் கூடு வேறு.

“இப்படி வச்சிருந்தா எப்படி அத்தான் கிளம்பும்? மூஸாவைக் கூப்பிடறேன். நாளைக்குக் காலையில இது கிளம்பியாகணும். மத்தியானம் தாசில்தார் சமாதானம் பேச வர்றாராம். அதுக்குள்ள நம்ம ஆளுங்க வயல்ல இறங்கிடணும்.”

மெக்கானிக் மூஸா டவுனிலிருந்து வந்தார். பானெட்டுக்குள் தலையை விட்டவர் பொழுது சாயும்வரை நிமிரவில்லை. பிசுக்கை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். ஒயர்களை நிறவாரியாகப் பிரித்து, ஓரமாக இழுத்துக் கட்டினார். அணில் கூட்டை மட்டும் பத்திரமாக எடுத்துத் தென்னை மரத்தடியில் வைத்தார்.

தியாகராசன் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, எது எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, இப்பப் பாருங்க. எது எங்க இருக்குன்னு பளிச்சுனு தெரியுது.”

“அடேயப்பா! என் காருக்குள்ள இவ்வளவு இடமா இருக்கு?”

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. மூஸாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பாலம்வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“கார் ஓடுதுங்களே ஐயா! எங்க கூலி விஷயம் எப்ப ஓடும்?” என்று கூலி ஆட்களின் தலைவர் வைரக்கண்ணு கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். தியாகராசனும் சிரித்துவிட்டு வேகமாக ஓட்டினார்.

மறுநாள் விடிந்ததும் அமிர்தலிங்கம் மூஸாவையும் ஏற்றிக்கொண்டு ஜீப்போடு வந்துவிட்டார். டவுனில் லாரி நிறைய ஆட்கள் தயார். கையில் கம்போடு நாலைந்து தடியர்களும் அதில் இருந்தார்கள்.

தியாகராசன் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

கர்ர்ர்... கர்ர்ர்... அவ்வளவுதான்.

“மூஸா! என்னய்யா வேலை பாத்தே? நேத்துப் பூரா பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினியே, இதுக்குத்தானா?” அமிர்தலிங்கம் கத்தினார்.

மூஸாவுக்கு முகம் செத்துவிட்டது. “நேத்து நல்லா ஓடுச்சுங்களே...” என்று பானெட்டைத் தூக்கி ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

“அத்தான், கெஞ்சிக் கேக்கறேன், ஜீப்புல ஏறுங்க!”

“வைரக்கண்ணு பார்க்க, ஓசி ஜீப்புல போய் இறங்கவா? நடக்காது.”

வெயில் ஏறியது. தலைவர் வராததால் மற்ற மிராசுதார்களும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. லாரியில் இருந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

மத்தியானம் தாசில்தார் தியாகராசன் வீட்டுத் திண்ணைக்கே வந்து இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். வைரக்கண்ணு லேசில் இறங்கி வரவில்லை. நின்று நிதானமாகப் பேசினார். மற்ற மிராசுதார்கள் முனகினார்கள். கேட்டதில் முக்கால்வாசிக்கு ஒப்புக்கொண்டு முதல் கையெழுத்தைப் போட்டவர் தியாகராசன்தான். உடனே பெண்கள் அரிவாளோடு வயலில் இறங்கினார்கள். குலவைச் சத்தம் தெருவரை கேட்டது.

மூஸாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இன்ஜினுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருக்கவேண்டிய ரோட்டரைக் காணோம். கட்டைவிரல் அளவுதான், அது இல்லாமல் இன்ஜினுக்கு உயிர் வராது.

தியாகராசனிடம் ஓடினார்.

“ஐயா! ரோட்டரை யாரோ திருடிட்டாங்க. எனக்கு என்னமோ வைரக்கண்ணு ஆளுங்க மேலதான்...”

“சேச்சே! அவங்களைச் சொல்லாதே.”

தியாகராசன் அக்கம்பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ரோட்டரை எடுத்து மூஸாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“ஐயா... நீங்களா!”

“மெதுவாப் பேசு. அந்த லாரி வயலுக்கு வந்திருந்தா மண்டை உடைஞ்சிருக்கும்ப்பா, யாராவது செத்துக்கூடப் போயிருப்பாங்க. சங்கத்துல எழுந்து நின்னு ‘வேண்டாம்’னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு தடவையும் வண்டி மேல பழியைப் போட்டுடுவேன்.”

மூஸா ரோட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உன் வேலையைக் குறை சொன்னாங்களேன்னு வருத்தப்படாதே மூஸா. முன்னெல்லாம் எதைப் பிடுங்கறதுன்னு தெரியாம கைக்கு வந்த ஒயரையெல்லாம் அறுத்துவிடுவேன். நீ சுத்தம் பண்ணிவச்ச அழகுக்கு, இன்னிக்குக் கையை வச்சதும் கிடைச்சுதுப்பா!”