தோற்றவருக்குத் தொப்பி

ரஸ்ஸல் படித்த கல்லூரியும் டார்லீன் படித்த கல்லூரியும் மோதும் கால்பந்து ஆட்டம் வருடாவருடம் ஒரே மைதானத்தில்தான். இருவருக்கும் அடுத்தடுத்த அதே இரண்டு இருக்கைகள்தான்.

ஆட்டம் முடிந்ததும் டார்லீன் தன் கல்லூரித் தொப்பியை ரஸ்ஸலின் வழுக்கையில் கவிழ்த்தாள்.

"தோத்தாச்சுல்ல? ஒரு வருஷம் போட்டுக்கோ. அடுத்த ஆட்டத்துல திருப்பிக் குடு."

"அடுத்த ஆட்டம் ஏது? டிவிக்காரன் காசைக் கொட்டுறான்னு உங்க காலேஜ்தான் வேற லீக்குக்குத் தாவுதே, இனி எங்ககூட ஆடாதே!"

"உங்களுக்குக் கொட்டினா வேணாம்பீங்களாக்கும்!"

வழக்கமாக எகிறுகிற ரஸ்ஸல் இன்று தொப்பியைக் கழற்றாமல் நேராக்கிக்கொண்டான்.

டார்லீன் எழுந்தாள். "கெளம்புறேன். என் வீட்டுக்காரர் கார்ல காத்திருக்கார்."

ரஸ்ஸல் வெறுமனே தலையாட்டினான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இருவருக்கும் விவாகரத்து கொடுத்து, வீடு, கார், நாய் எல்லாவற்றையும் பங்கு போட்ட நீதிபதியால்கூட இந்த இரண்டு இருக்கைகளைப் பிரிக்க முடியவில்லை.