பாறையில் மாட்டிய நங்கூரம்

நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது.

சனிக்கிழமை முழுக்கப் படகு அங்கேயே நின்று கொடுவா மீன் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் சங்கு ஊதினார்கள். ராக்கெட் விடப்போகிறார்கள், அந்தக் கடலில் ஒரு படகும் இருக்கக் கூடாது.

படகு இழுத்தது. நங்கூரம் வரவில்லை. முறுக்கி இழுத்தது. கயிறுதான் முனகியது.

"இன்னொரு தடவை இழுப்பேன். வரலைன்னா கயித்தை அறுத்துட்டுப் போயிடுவேன்," என்றது படகு.

"எட்டு வருஷமா உன்னைப் பிடிச்சு நிறுத்தினவன்டா நான்!" என்று அடியிலிருந்து கத்தியது நங்கூரம்.

பாறைக்குள்ளிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. "என்னய்யா கூச்சல்? என் வாசலையும் அடைச்சுக்கிட்டு!"

"மன்னிச்சுக்கங்க அண்ணே. மாட்டிக்கிட்டேன்."

"ஒரே பக்கமா இழுத்தா இறுகத்தான் செய்யும். உன் படகை உன்னைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் நின்னு இழுக்கச் சொல்லு."

நங்கூரம் அதைக் கயிறு வழியாகச் சொல்லி அனுப்பியது. படகுக்கு ரோஷம் வந்தது. "எனக்கே இழுக்கக் கத்துக்கொடுக்கிறியா?" என்றது. சங்கு மறுபடி ஊதியது. வேறு வழியில்லாமல் சுற்றிப் போய் இழுத்தது. நங்கூரம் பூப்போல வந்தது.

கரை சேர்ந்ததும் ராக்கெட் கிளம்பியது. எல்லாரும் வானத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். நங்கூரம் மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்கே என்னடா பார்க்கிறே?" என்றது படகு.

"உயிரைக் காப்பாத்தினவருக்கு அவசரத்தில ஒரு நன்றிகூடச் சொல்லலை."

"பரவாயில்லை, இப்போ சொல்லு," என்று படகு நெஞ்சை நிமிர்த்தியது.

"உனக்கில்லடா. நண்டு அண்ணனுக்கு."