எடுப்புச் சாப்பாடு

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அரியலூர் காபி கிளப்பில் பஞ்சநாதன் காலையிலிருந்து பரிமாறி ஓய்ந்திருந்தான். வாத்தியார் செல்லப்பன் வழக்கம்போல வாசலில் நின்றே தூக்குவாளியை நீட்டினார்.

"எடுப்புச் சாப்பாடு ஒண்ணுங்க."

"உள்ள வந்து உக்காருங்க சார். எடுத்துட்டுப் போனா அளவுச் சோறுதான்."

"சம்சாரத்துக்கு உடம்பு முடியலீங்க."

ஒரு வருஷமாக இதே பதில். அன்று மோர் ஊற்ற மறந்துவிட்ட பஞ்சநாதன் செம்போடு பின்னாலேயே ஓடினான். ஏரிக்கரை மரத்தடியில் வாத்தியார் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சம்சாரம்...?"

"கல்யாணமே ஆகலீங்க. நான் சேரிக்காரன். உள்ள உக்காந்து, தெரிஞ்சுபோச்சுன்னா அடிச்சு விரட்டுவாங்க."

பஞ்சநாதன் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"நானும் சேரிதாங்க. பஞ்சநாதன்ங்கிறது கடைக்குச் சொன்ன பேரு. என் பேரு இருசன்."