தோண்டக் கூடாத இடம்

"ஒரு சாண்கூடத் தோண்ட முடியாதும்மா. அது பாதுகாக்கப்பட்ட இடம்" என்றார் தொல்லியல் அதிகாரி, மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல்.

எதிரே நின்ற பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன. "எங்கம்மாவை அங்கதானே சார் புதைச்சோம்? அவ பக்கத்துலயே என்னையும் போட்டுடுங்கன்னு அப்பா கேட்டாரு. சாகறப்ப கேட்டது அது ஒண்ணுதான்."

"அம்மாவைப் புதைச்சு எட்டு வருஷம் ஆச்சு. அப்ப அது வெறும் புறம்போக்கு. முதுமக்கள் தாழிங்க கிடைச்சப்புறம் சட்டம் வந்துடுச்சு. மேலிடத்துல பேசியாச்சு, முடியாதுன்னுட்டாங்க."

"ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி செத்தவங்களுக்கு அங்க இடம் இருக்கு. நேத்து செத்தவருக்கு இல்லையா?"

அதிகாரி மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன கல்லறை கோட்டுக்கு உள்ளே நாலடி தள்ளி இருந்தது.

பக்கத்து மேசை கிளார்க் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நாலடிதானே சார்? கண்டும் காணாம இருந்துடலாமே. யார் கேக்கப்போறா?"

"போன மாசம் ஒருத்தர் தன் குழந்தைக்காக இங்கயே நின்னு அழுதாரே, அவர் கேப்பாரு. அவருக்கு முடியாதுன்னு சொன்ன வாயால, இன்னைக்கு மட்டும் எப்படிச் சரின்னு சொல்வேன்?"

மனுவின் மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

அந்தப் பெண் தாளை வாங்கவில்லை. "டவுன் இடுகாட்டுலயே வச்சுக்கறோம். ரெண்டு மணிக்கு எடுக்கறோம். நீங்க உங்க தாழியைப் பத்திரமாப் பாத்துக்கங்க, சார்."

அந்த 'சார்' என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

"கல் மனசு" என்று கிளார்க் அம்மா முணுமுணுத்தது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் நிமிரவில்லை. வரைபடத்தை மெல்லச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"எனக்கு இன்னையிலேர்ந்து மூணு நாள் லீவு எழுதிடுங்கம்மா."

"இவ்வளவு வேலை கிடக்கறப்பவா? காரணம் என்னன்னு போடறது?"

கதவுவரை போனவர், அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா இறந்துட்டார்னு போடுங்க."