ஒரே கை ஓட்டிய வண்டி

சரவணகுமாருக்குக் காலையிலிருந்தே கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் ரோட்டோரம் விற்பனைக்கு நிறுத்தியிருந்த அவனுடைய பழைய பொக்லைனைப் பார்க்க வந்த புரோக்கர்கள் எல்லாரும், "கண்ட டிரைவரும் ஓட்டின வண்டி" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைசியாக வந்தவள் பிரபா, சதுரங்கப்பட்டினத்துக்காரி. பார்ட்னருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, செல்போனில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தாள்.

"நீ சொல்ற விலைக்கே எடுத்துக்கலாம்ணா. ஆனா டிரைவருங்க போட்டு அடிச்ச வண்டி மாதிரி கீதே?"

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னாம்மா பேசுற? எந்த டிரைவரு? வாங்கின நாள்லேர்ந்து நான் ஒருத்தன்தான் ஓட்டிகினு கீறேன். வேற எவனையும் சீட்ல குந்த வுட்டதில்ல. அந்த வேதகிரீஸ்வரர் மேல சத்தியம்!"

"ஒருநாள்கூடவா?"

"ஒருநாள்கூட இல்ல! நல்லா எடுத்துக்க, உன் பார்ட்னரும் கேக்கட்டும்."

பிரபா வீடியோவை அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். அதுவரை முகத்தில் இருந்த பணிவு இப்போது இல்லை.

"பார்ட்னரு இல்லடா, வக்கீலு. போன வருசம் பைப்புக்குப் பள்ளம் தோண்டும்போது இந்த வண்டி அடிச்சு ஒருத்தர் செத்தாரே, முனிசாமின்னு, அவரு பொண்ணு நான். 'நான் ஓட்டல, டிரைவர்தான் ஓட்டினான், அவன் ஓடிப்பூட்டான்'னு போலீஸ்ல கைய விரிச்சியே..."

பிரபா செல்போனால் சரவணகுமாரையே சுட்டிக் காட்டினாள்.

"அந்த டிரைவரு ஆப்ட்டுக்கினான்!"